இடித்ததைச் சொன்னவனுக்கு வேலை போகக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை விமான நிலையத்தைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. பார்க்கிங் கட்டணம், பரந்தூர் நிலம், தங்கக் கடத்தல், பனிமூட்டத்தால் தாமதம் என்று எல்லாம் வருகிறது. ஆனால் விமானம் வந்து நின்றதும் அதன் அடியில் போய்ச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறவர்கள், குனிந்துகொண்டே பெட்டி இறக்குகிறவர்கள், டிராக்டர் ஓட்டுகிறவர்கள், ஏணி வண்டியை விமானத்தின் உடம்பை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் ஆகியோரைப் பற்றி ஒன்றும் வருவதில்லை. யாராவது செத்தால் மட்டும் ஒரு பத்தி வரும். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படித்து வெளியிட வேண்டுகிறேன்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். சென்னைத் துறைமுகத்தில் விஞ்ச் டிரைவராகச் சேர்ந்து, கிரேன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் இளைய மகன் விமான நிலையத்தில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் லோடராக வேலை பார்க்கிறான். அவன் மட்டும் இல்லை. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, திருவொற்றியூர்ப் பையன்கள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள். எங்கள் காலத்தில் படிப்பு ஏறாத பையனுக்குத் துறைமுகம் இருந்தது, பின்னி மில் இருந்தது, எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் இருந்தன. இப்போது துறைமுகத்தில் கன்டெய்னர் வந்து ஆட்கள் குறைந்துவிட்டார்கள், பின்னி மில் மூடிப் பல வருடம் ஆகிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரைக்கும் வந்த பிறகு, வடசென்னையில் ஏறி உட்கார்ந்தால் நேராக மீனம்பாக்கத்தில் இறங்கலாம் என்றாகிவிட்டது. அதனால் எங்கள் தெருவில் துறைமுக வேலைக்குப் போகிறவனைவிட ஏர்போர்ட் வேலைக்குப் போகிறவன் அதிகம்.

மகனுடைய வேலைக்குப் பங்கம் வந்துவிடக் கூடாது என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம். இப்படிக் கேட்க வேண்டியிருப்பதே நான் சொல்ல வந்த விஷயத்தில் பாதி.

நடந்ததைச் சொல்கிறேன். மகனோடு வேலை பார்க்கும் ஒரு பையன் பெல்ட் லோடர் ஓட்டுகிறவன். சரிவான பெல்ட்டில் பெட்டிகளை வைத்து விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பும் வண்டி அது. ஒரு நாள் இரவு மழை தூறிக்கொண்டிருந்த நேரத்தில் வண்டியைச் சரக்கு அறைக் கதவுக்குக் கொண்டுபோகும்போது, முன்பக்க ரப்பர் விமானத்தின் உடம்பில் இடித்துவிட்டது. பெரிய இடி இல்லை. அவனும் பக்கத்தில் நின்ற ஒருவனும்தான் பார்த்தார்கள். அந்தப் பையன் நல்லவன். இறங்கிப் போய்த் தன் சூப்பர்வைசரிடம் சொன்னான். எஞ்சினியர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார், அளந்தார், போட்டோ எடுத்தார். கடைசியில் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார். விமானம் தாமதமாகப் புறப்பட்டது. அந்தப் பையனிடம் அன்றைக்கே பாஸை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். விமான நிலையத்துக்குள் நுழையும் அந்தப் பாஸ் இல்லாவிட்டால் அவனுக்கு அங்கே வேலையே கிடையாது. திரும்ப அழைப்பார்கள் என்று காத்திருந்து காத்திருந்து, இப்போது மாதவரத்தில் ஒரு குடோனில் மூட்டை ஏற்றுகிறான்.

அவனுக்கு நேர்ந்தது அநியாயம். அதைவிடப் பெரிய கேடு அதற்கு அடுத்த வாரம் நடந்தது. கேன்டீனில் உட்கார்ந்து மொத்த கேங்கும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனிமேல் எது உரசினாலும் யாரும் வாயைத் திறக்க வேண்டாம் என்பதுதான் அந்த முடிவு. மகன் என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த விமானங்களில் ஏறுகிற ஒருவருக்கும் இந்த முடிவு தெரியாது.

இதைப் படிக்கிற சிலர், லேசாக உரசினால் விமானத்துக்கு என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். 2005 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவில் என்ன ஆனது என்று சொல்கிறேன். அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று சியாட்டிலிலிருந்து சுமார் 140 பயணிகளோடு புறப்பட்டது. 26,000 அடி உயரம் போனதும் பெரிய சத்தத்தோடு உள்ளே இருந்த காற்றழுத்தம் போய்விட்டது. ஆக்சிஜன் முகமூடிகள் கீழே விழுந்தன. பைலட் விமானத்தை வேகமாகக் கீழே இறக்கித் திரும்பவும் சியாட்டிலிலேயே கொண்டுவந்து சேர்த்தார். யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லை. தரையில் வைத்துப் பார்த்தபோது விமானத்தின் பக்கவாட்டில் ஏறக்குறைய ஓர் அடி நீளத்துக்கு ஓட்டை. புறப்படுமுன் பெட்டி ஏற்றும் வேலையில் இருந்த ஒருவர் வண்டியால் அந்த இடத்தில் இடித்திருக்கிறார். இடித்ததை யாரிடமும் சொல்லவில்லை. தரையில் நிற்கும்போது வெறும் நசுங்கலாக இருந்தது, மேலே போய் உள் அழுத்தம் ஏறியதும் கிழிந்துவிட்டது. அதே வருடம் மே மாதத்தில்தான் அந்த விமான நிறுவனம் தன் சொந்தத் தொழிலாளர்கள் பல நூறு பேரை நிறுத்திவிட்டு, அந்த வேலையை ஒப்பந்த நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அது அலுமினிய விமானம். அலுமினியம் நசுங்கினால் பள்ளமாவது கண்ணுக்குத் தெரியும். இப்போது வருகிற போயிங் 787 போன்ற விமானங்களின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன் இழைக் கலவை. அதில் இடித்தால் மேல்தோல் பழையபடி திரும்பிவிடலாம், பெயின்ட்கூட உதிராமல் இருக்கலாம், உள்ளே மட்டும் அடுக்குகள் பிரிந்திருக்கலாம். கருவி வைத்துச் சோதித்தால்தான் தெரியும். எந்த இடத்தில் சோதிப்பது என்பது இடித்தவன் சொன்னால்தானே தெரியும்? பல கோடி ரூபாய் விமானத்துக்கு அந்த நிமிடத்தில் இருக்கும் ஒரே சாட்சி, மாதச் சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு பையன். அவன் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு வேறு எந்தப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினாலும் பயன் இல்லை.

துறைமுகத்தில் நாங்கள் வேலை பார்த்ததும் ஆபத்தான வேலைதான். கப்பலின் சரக்கு அறைத் திறப்பான ஹேட்ச்சுக்குள் விழுந்து செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சரக்கைத் தூக்கும் சிலிங் கயிறு அறுந்து, சரக்குக் கட்டு மேலே விழுந்து கால் போனவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அதனால்தான் 1986-ல் துறைமுகத் தொழிலாளர்களின் பாதுகாப்பு, உடல்நலம், நலவாழ்வுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 1990-ல் அதற்கான விதிகள் வந்தன. அந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. கிரேன் சாய்ந்தாலோ ரோப் அறுந்தாலோ, ஒரு ஆளுக்குக்கூட அடிபடாவிட்டாலும் அது ஆபத்தான நிகழ்வு, மேலே தெரிவித்தே ஆக வேண்டும். இன்றைக்கு யாருக்கும் அடிபடவில்லை என்பது நம் அதிர்ஷ்டம், நாளைக்கு அடிபடும் என்பதைப் புரிந்துகொண்டவர்கள் எழுதிய விதி அது. தெரிவிக்கும் கடமையும் நிர்வாகத்தின் தலையில் இருந்தது. கேட்பதற்கு யூனியன் இருந்தது. மேஸ்திரி கோபத்தில் கத்துவார், ஆனால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே தள்ள அவரால் முடியாது.

விமானத் துறையிலும் தெரிவிக்கச் சொல்லும் விதிகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. உலக நாடுகளின் சிவில் விமான அமைப்பான ஐகாவோவின் விதித் தொகுப்பில் 19-ஆம் இணைப்பு பாதுகாப்பு நிர்வாகத்துக்கென்றே இருக்கிறது, தவறைத் தானாக முன்வந்து சொல்கிறவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அது சொல்கிறது. அமெரிக்காவில் 1976-லிருந்து ஒரு முறை நடக்கிறது. பைலட்டோ, மெக்கானிக்கோ, தரைப் பணியாளரோ தாம் கண்டதையும் செய்ததையும் நாசாவுக்கு எழுதிப் போடலாம். தண்டனை கொடுக்கும் அதிகாரம் உள்ள விமானத் துறைக்குப் போகாமல், விண்வெளி ஆராய்ச்சி செய்யும் நாசாவுக்குப் போவதுதான் அதன் உயிர்நாடி. அங்கே பெயரை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் எல்லோருக்கும் சொல்வார்கள். நம் நாட்டில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவிலும் தானாகத் தெரிவிக்கும் வழி உண்டு. ஆனால் மகனின் கேங்கில் நான் விசாரித்த ஒரு பையனுக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கலாம். ஆங்கிலத்தில் ஸ்லைடு ஓட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் அது சொன்னதாக ஆகுமா?

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு நாடே விமானப் பாதுகாப்பைப் பற்றிப் பேசியது. டிஜிசிஏ அந்த மாதமே டெல்லி, மும்பை போன்ற பெரிய விமான நிலையங்களில் இரவிலும் அதிகாலையிலும் சோதனை நடத்தி, கண்டதை வெளியிட்டது. பெட்டி ஏற்றும் டிராலிகளும் பெல்ட் லோடர்களும் சில இடங்களில் பழுதாக இருந்தன. விமானங்கள் நிற்கும் பகுதியில் ஓடும் பல வண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியே இல்லை. சோதனை நடத்தியதையும் ஒளிக்காமல் வெளியிட்டதையும் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் கருவி இல்லாத வண்டிகளின் அனுமதியை ரத்து செய்தவர்கள், அவற்றை ஓட்டிய டிரைவர்களின் அனுமதியையும் நிறுத்திவைத்தார்கள். கருவி பொருத்தாத வண்டியை வாங்கியது டிரைவரா? இன்றைக்கு இந்த வண்டியை எடு என்றால் எடுக்க வேண்டியவன்தானே அவன்? கருவி இல்லை, எடுக்க மாட்டேன் என்று அவன் சொல்லியிருந்தால் அன்றைய டூட்டி அவனுக்குக் கிடைத்திருக்குமா? தண்டனை கீழே வந்து நிற்கும் வரைக்கும் உண்மை மேலே போகாது.

அடுத்தது தூக்கம். 2015 டிசம்பர் 22 அதிகாலையில் கொல்கத்தா விமான நிலையத்தில், நின்றுகொண்டிருந்த ஏர் இந்தியாவின் ஏடிஆர் விமானத்தில் ஒரு பேருந்து போய் மோதியது. டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது. 2025 ஏப்ரல் 18 அன்று பெங்களூருவில் நிறுத்திவைத்திருந்த இண்டிகோ விமானத்தின் அடிப்பகுதியில் ஒரு டெம்போ டிராவலர் மோதியது. அப்போதும் டிரைவர் தூங்கிவிட்டார் என்றே செய்தி வந்தது. இரண்டுக்கும் நடுவே ஒன்பது வருடத்துக்கு மேல் போயிருக்கிறது.

என் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது அடுத்த ஷிப்ட்டுக்கு ஆள் வரவில்லை என்றால் மகனை டபுள் டூட்டி பார்க்கச் சொல்வார்கள். கட்டாயம் என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் மாட்டேன் என்றவனுக்கு அடுத்த மாதம் நல்ல ஷிப்ட் கிடைக்காது. காசும் தேவைப்படுகிறது, அதையும் மறைக்க வேண்டாம். நள்ளிரவுக்கு மேல் வேலை முடிந்தால் மெட்ரோ கிடையாது. காலை முதல் வண்டி வரும் வரை விமான நிலையத்திலேயே எங்கேயாவது சாய்ந்திருப்பான். விடிந்து வீட்டுக்கு வந்தால், எங்கள் வீட்டில் பகலில் தூங்குவது எப்படி என்று வடசென்னையில் ஒற்றை அறை வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் லாரி வரும், குழந்தைகள் வரும், கரண்ட் போகும். சாயங்காலம் மறுபடியும் கிளம்ப வேண்டும். கத்திரி வெயில் காலத்தில் விமானங்கள் நிற்கும் அந்த சிமென்ட் தளம் ராத்திரி வரைக்கும் சூடு கக்கிக்கொண்டிருக்கும் என்கிறான். சின்ன விமானங்களின் சரக்கு அறையில் நிமிர்ந்து நிற்க இடம் கிடையாது. மண்டி போட்டுக்கொண்டே ஒவ்வொரு பெட்டியாக இழுத்து அடுக்க வேண்டும். ஒரு பெட்டி 23 கிலோ, சில 32 கிலோ வரைக்கும் இருக்கும். முப்பது வயதுகூட ஆகவில்லை, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறான்.

பைலட்டுகளுக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று எழுத்தில் விதி இருக்கிறது. வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாகவும் உயர்த்தினார்கள். நியாயமான விதி, வரவேற்கிறேன். தூக்கம் கெட்ட கை விமானத்துக்குள் இருந்தாலும் ஆபத்துதான், வெளியே ஏணி வண்டியின் ஸ்டீயரிங்கில் இருந்தாலும் ஆபத்துதான். விமானத்தின் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், எஞ்சின் அருகே நிற்கிறவர்களுக்கும் அதே டிஜிசிஏ ஒரு உச்ச வரம்பு வைக்க வேண்டும். ஒரு ஷிப்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இத்தனை மணி நேரம் என்று எழுத்தில் வேண்டும், கேட்டில் பாஸ் ஸ்கேன் ஆகும்போதே அது தெரிய வேண்டும். உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் கம்ப்யூட்டரில் பதிவாகிறது என்றால், ஒருவன் எத்தனை மணி நேரமாக உள்ளே இருக்கிறான் என்பது அதற்குத் தெரியாமல் போகாது. நள்ளிரவில் ஷிப்ட் முடிகிறவர்களை வடக்கே திருவொற்றியூர் வரை கொண்டுவந்துவிட ஒரு பஸ்ஸும் வேண்டும். இரவில் அங்கே சாய்ந்து கிடக்கிற பையன்களின் எண்ணிக்கைக்கு ஒரு பஸ் நிச்சயம் நிரம்பும்.

எஞ்சினைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2015 டிசம்பர் 16 அன்று மும்பையில் ஹைதராபாத் போக வேண்டிய ஏர் இந்தியா விமானம் புஷ்பேக் ஆன பிறகு, அதாவது நின்ற இடத்திலிருந்து வண்டியால் பின்னுக்குத் தள்ளப்பட்ட பிறகு, கீழே நின்றவர்கள் விலகுவதற்கு முன்பே நகர ஆரம்பித்துவிட்டது. அருகே நின்ற டெக்னீஷியனை எஞ்சின் உள்ளே இழுத்துக்கொண்டது. சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டதுதான் காரணம் என்று அப்போது சொன்னார்கள். 2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி விமான நிலையத்தில் ஒரு தரைப் பணியாளர் இதே மாதிரி இறந்தார். விமானத்தின் துணை மின் எஞ்சின் வேலை செய்யாததால், வெளி மின்சாரம் இணைக்கும் வரைக்கும் பெரிய எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் கிட்டே போகாதீர்கள் என்று அன்றைக்கு ஊழியர்களைக் கூட்டி இரண்டு முறை சொல்லியிருக்கிறார்கள். சிவப்பு விளக்கும் சுழன்றுகொண்டிருந்தது. அப்படியும் உயிர் போனது. அதற்கு அந்த நிறுவனத்துக்கு அங்குள்ள தொழிலாளர் பாதுகாப்புத் துறை போட்ட அபராதம் 15,625 டாலர்.

இரண்டு முறை சொன்னோமே என்று நிர்வாகம் கையை விரிக்க முடியாது. காதில் மஃப், சுற்றிலும் இரைச்சல், விமானம் வந்து நின்றதும் அதைச் சுற்றி எச்சரிக்கைக் கோன் வைக்க ஓட வேண்டும் என்று உடம்பில் ஏறிப்போன பழக்கம். நின்ற விமானமும் ஓடுகிற எஞ்சினும் ஒரே இடத்தில் இருக்கும்போது, தினமும் ஓடிப் பழகிய கால் தானாகவே ஓடும். சொல் போதாத இடம் இது. எஞ்சின் ஓடிக்கொண்டே வரும் விமானத்துக்கு ஒரே ஒரு ஆளைத் தவிர மற்றவர்கள் விமானம் நிற்கும் இடத்தின் எல்லைக் கோட்டுக்கு வெளியே, வண்டிகளும் கோட்டுக்கு வெளியே, அந்த ஒருவர் கை காட்டினால்தான் அடுத்தவர் கால் வைக்க வேண்டும்.

கிரேன் வேலையில் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தது இது. தூக்கு, இறக்கு என்ற சைகையைச் சிக்னல்மேன் ஒருவர் காட்டினால்தான் கேட்க வேண்டும், வேறு யார் காட்டினாலும் கேட்கக் கூடாது. ஆனால் நிறுத்து என்ற சைகையை யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். டீ கொண்டுவந்த பையன் காட்டினாலும் நிறுத்த வேண்டும். ஏன் நிறுத்தினாய் என்று அவனை யாரும் திட்டக் கூடாது. ஜவஹர் டாக்கில் இப்படித் தப்பிய உயிர்களை எனக்குத் தெரியும். விமான நிலையப் பயிற்சியிலும் இதைச் சொல்லித்தான் கொடுப்பார்கள். ஆனால் புதிதாகச் சேர்ந்த லோடர் ஒருவன் கையைக் குறுக்கே காட்டி ஒரு புஷ்பேக்கை நிறுத்தி, கடைசியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், அன்று மாலை அவனுக்கு என்ன கிடைக்கும்? பாராட்டா, மெமோவா? அதற்குப் பதில் என்ன என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த முறை அவன் கை தூக்குவான்.

பணக் கணக்குப் பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். தரையில் விமானங்களுக்கு ஏற்படும் சேதத்தால் ஆகும் செலவு 2019-ல் உலக அளவில் ஏறக்குறைய 500 கோடி டாலர் என்றும், தடுக்காவிட்டால் 2035-க்குள் அது 1,000 கோடி டாலரை நெருங்கும் என்றும் உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவே கணக்குப் போட்டிருக்கிறது. இப்போது வரும் நவீன பெல்ட் லோடர்களிலும் ஏணி வண்டிகளிலும், விமானத்தை நெருங்கியதும் வேகத்தைத் தானாகக் குறைத்து, தொடுவதற்கு முன்பே நிறுத்திவிடும் உணர்கருவிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட வண்டிகளுக்கு மாறினால் சேதம் வெகுவாகக் குறையும் என்றும் அதே சங்கம் சொல்கிறது. மகன் ஏறி இறங்கும் வண்டியில் ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காது, அதனால் சக்கரத்துக்கு எப்போதும் கட்டை வைத்துக்கொள்கிறோம் என்கிறான். குறைந்த விலை கேட்ட நிறுவனத்துக்கு வேலையைக் கொடுத்தால், அந்த விலை எங்கிருந்தாவது குறைந்தாக வேண்டும். வண்டியில் குறையும், ஆளில் குறையும், பயிற்சியில் குறையும்.

சின்ன விஷயம்தானே என்று ஒதுக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்ட் விமானம் எரிந்து விழுந்து, உள்ளே இருந்த 109 பேரும் தரையில் 4 பேரும் இறந்தார்கள். ஓடுபாதையில் வேறொரு விமானத்திலிருந்து கழன்று விழுந்து கிடந்த ஒரு உலோகப் பட்டைதான் டயரைக் கிழித்தது. விமானங்கள் நிற்கும் இடத்தில் ஒரு போல்ட், டிராலியிலிருந்து உதிர்ந்த ஒரு இரும்புத் துண்டு, பெட்டியிலிருந்து கழன்ற ஒரு சக்கரம் கிடந்தால் குனிந்து எடுக்கிறவன் என் மகனைப் போன்றவன்தான். அவனுக்கு அந்த அக்கறை இருக்கிறது. இந்த விமானத்தில் நம் ஜனங்கள் போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். வளைகுடா வேலைக்குப் போகிற எங்கள் தெருப் பையன்களின் பெட்டியை அவனே பலமுறை ஏற்றியிருக்கிறான். அக்கறை இல்லாதவர்களைத் திருத்துவதற்காக நான் எழுதவில்லை. அக்கறை உள்ளவர்களைப் பயமுறுத்தி ஊமையாக்கிவிட்டார்கள், அதை நிறுத்தச் சொல்கிறேன்.

சென்னை விமான நிலையத்தை நடத்துவது மத்திய அரசின் இந்திய விமான நிலைய ஆணையம். இங்கே தனியார் முதலாளியிடம் போய்க் கெஞ்ச வேண்டியது இல்லை. தரைப் பணி நிறுவனங்களோடு போடும் ஒப்பந்தத்தில் ஆணையமே எழுதலாம். விமானம் புறப்படும் முன்பு இடித்ததையோ உரசியதையோ தானாகச் சொன்ன தொழிலாளியை அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது, பாஸைப் பிடுங்கக் கூடாது என்று எழுத வேண்டும். குடித்துவிட்டு ஓட்டியவனுக்கும், வேண்டுமென்றே விதியை மீறியவனுக்கும், மறைத்தவனுக்கும் இந்தப் பாதுகாப்பு வேண்டாம். அதில் எனக்கு எந்த இரக்கமும் இல்லை. பாஸை வாங்குவதானால் நிறுவனத்தின் சூப்பர்வைசர் வாய்ச்சொல்லில் வாங்கக் கூடாது. ஆணையத்தின் பாதுகாப்பு அதிகாரி தொழிலாளியையும் விசாரித்து, எழுத்தில் காரணம் கொடுத்த பிறகுதான் வாங்க வேண்டும். தமிழிலும் இந்தியிலும் பேசக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணைக் கேன்டீன் சுவரிலும் பாஸின் பின்பக்கத்திலும் அச்சடிக்க வேண்டும். அந்த எண் நிறுவனத்துக்குப் போகக் கூடாது. மாதம் ஒரு முறை, இந்த மாதம் இத்தனை தகவல் வந்தது, இன்னது சரிசெய்யப்பட்டது என்று பெயர் இல்லாமல் ஒட்ட வேண்டும். ஒரு மாதம் ஒன்றுமே வரவில்லை என்றால் அதைப் பார்த்துச் சந்தோஷப்படாமல், ஏன் வரவில்லை என்று அதிகாரி இறங்கி வந்து விசாரிக்க வேண்டும்.

பயணிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தரையில் ஏதோ சோதனை நடக்கிறது, அரை மணி தாமதம் என்று அறிவித்தால் பணிப்பெண்ணிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கீழே யாரோ ஒருவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரும், விமான நிலையம் அமைந்த தொகுதி உறுப்பினரும் இதை மக்களவையில் கேள்வியாகக் கேட்க வேண்டும். கடந்த 5 ஆண்டுகளில் சென்னையில் தரைப் பணியின்போது விமானங்களுக்கு ஏற்பட்ட சேதங்கள் எத்தனை, அவற்றில் தொழிலாளி தானாகச் சொன்னவை எத்தனை, பிறகு சோதனையில் கண்டுபிடித்தவை எத்தனை, அப்படிச் சொன்னவர்களில் இன்னும் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் போதும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. இரவு ஷிப்ட் மாறுகிற நேரத்தில் உங்கள் நிருபர் ஒருவரைத் திரிசூலம் ரயில் நிலையத்துக்கோ விமான நிலைய மெட்ரோ வாசலுக்கோ அனுப்புங்கள். பளபளக்கும் பட்டை வைத்த ஜாக்கெட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம், கேமராவை எடுக்காமல், பெயரைக் கேட்காமல் விசாரிக்கச் சொல்லுங்கள். இடித்தால் சொல்வீர்களா என்ற ஒரே கேள்வியைக் கேட்கட்டும். கிடைக்கிற பதிலை அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துறைமுக கிரேன் ஆபரேட்டர்,
தண்டையார்பேட்டை, சென்னை.